ஊதியம் எது?



தில்லியில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் நண்பர், ஒரு நாள் மாலை என் இல்லத்துக்கு வந்தார். அவர் சட்டைப் பையில் பணிவிலகல் கடிதம் இருந்தது. நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் உழைத்தவருக்கு அவ்வாண்டு கிடைத்த உயர்வு நூற்றுக்கு நான்கு. 40,000 ரூபாய் 41,600 ஆயிற்று. அதே மாதத்தில் வீட்டுக்காரர் 12,000 ரூபாய் வாடகையை 13,200 ஆக்கினார். எஞ்சியது 400 ரூபாய். "இதற்காகவா ஓராண்டு கண்விழித்தேன்?" என்றார். புனேயில் வேறொரு நிறுவனம் 46,000 ரூபாய் தர முன்வந்திருந்தது.

'ஊதியம்' என்பதை நாம் இன்று சம்பளம் என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவர் அதனை ஆதாயம் என்னும் பொருளில் ஆள்கிறார். 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தின் முதற் குறளிலேயே, ஒரு செயலில் கைவிட்டுப் போவது எது, கைக்கு வருவது எது, பின்னர் விளையும் பயன் எது என மூன்றையும் எண்ணிய பின் செயலில் இறங்கச் சொல்கிறார். நாங்களும் அவ்வாறே எண்ணினோம்.

முதலில் போவது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து இன்றும் தொடரும் விதிப்படி, நிலையான பணியாளர் ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தால், ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் பணிக்கொடையாகப் பெறுவார். மாதத்தை 26 நாளாகக் கொள்வது வழக்கு. நண்பரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய். ஐந்தாண்டுக்கு 60,000 ரூபாய் வரும். பத்து மாதம் முன்னதாக விலகினால் அது முழுவதும் போகும். வருங்கால வைப்பு நிதியோ அவ்வாறன்று. புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து வருவது. புனேயில் மாதம் 4,400 ரூபாய் கூடுதல். ஏறத்தாழ 14 மாதம் உழைத்தால்தான் பணிக்கொடை இழப்பு ஈடாகும். வண்டி வாடகை, வீட்டு முன்பணம், பள்ளிக் கட்டணம் ஆகியன தனி.

மூன்றாவது, ரூபாயில் அடங்காதது. அவருடைய மகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தன் கையால் தமிழில் கடிதம் எழுதுகிறாள். புனேயில் அந்த வாய்ப்பு அமையுமா? இதைக் கேட்டதும் நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் ஓர் உண்மை வெளிப்பட்டது. தொகை குறைந்ததைவிட, மேலாளர் ஒரு சொல்லும் சொல்லாமல் தாளை மட்டும் அனுப்பியதே அவரை வருத்தியிருக்கிறது. பணக்குறைக்கு மருந்து வேறு; மதிப்புக்குறைக்கு மருந்து வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதி முடிவெடுத்தால், புதிய இடத்திலும் பழைய வருத்தமே தொடரக்கூடும்.

மறுநாள் அவர் மேலாளரைக் கண்டு காரணம் கேட்டார். உயர்வு கூடவில்லை, ஆனால் தாம் எந்த நிலையில் மதிக்கப்படுகிறோம் என்பது தெளிவாயிற்று. பத்து மாதம் எனத் தமக்கே ஒரு தவணை வைத்துக்கொண்டு, தில்லியிலேயே வேறு பணி தேடத் தொடங்கியிருக்கிறார்.

இதனை அடங்கிப்போதல் என்று எண்ண வேண்டா. உடல்நலமோ தன்மானமோ கெடும் இடமாயின், இழப்பைப் பொருட்படுத்தாது வெளியேறுவதே முறை. மற்ற இடங்களில், கடிதம் ஒரு வாரம் பையிலேயே இருக்கட்டும். சினம் தணிந்த பின்னும் அதே சொற்களை எழுதத் தோன்றினால், தயங்காது கொடுத்துவிடலாம்.