கண்ணுக்குத் தெரியாத பாஷாணம்



வெள்ளைப் பாஷாணம் என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள நஞ்சின் பெயர்தான் ஆர்சனிக். ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்கத் தெளித்த சோடியம் ஆர்சனைட் என்ற மருந்திலும் இருந்தது இதுவே.

சில நாடுகளில் இந்த நஞ்சு நிலத்தடி மண்ணிலிருந்தே கிணற்று நீரில் கரைந்து விடுகிறது. வங்காள தேசத்தில், கிருமியுள்ள குளத்து நீருக்குப் பதிலாக 1970-களில் ஏராளமான குழாய்க் கிணறுகளைத் தோண்டினார்கள். நீர் பளிங்குபோல் இருந்தது. அதில் ஆர்சனிக் இருப்பது 1993-இல்தான் உறுதியாயிற்று. இத்தகைய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும், தோலில் கரும்புள்ளிகள் தோன்றும், புற்றுநோயும் வரலாம்.

இந்த நஞ்சு கலந்த நீருக்குத் தனி நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. கிருமிகள் சாகும், நீர் ஆவியாகிக் குறையும், நஞ்சு அப்படியே தங்கும்.

உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள அளவு, ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, நான்கு காலன் தகரத்தால் 5,500 தகரம் தண்ணீர் பிடித்தால், அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம்!

இவ்வளவு சிறியதை எப்படி அளப்பது? 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய இரசாயன அறிஞர் வழி காட்டினார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாகிப் பிரிந்து வரும். அந்த வாயு, பாதரச உப்புத் தடவிய தாளில் பட்டால் தாள் மஞ்சளாகும். நஞ்சு மிகுந்தால் பழுப்பாகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். வாயுவும் கொடிய நஞ்சு. ஆகவே இது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆய்வுக்கூடத்தில் அதே வாயுவைச் சூடான குழாயில் செலுத்தி, அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவியால் துல்லியமாக அளக்கிறார்கள்.

நீரில் ஆர்சனைட், ஆர்சனேட் என இருவகை உண்டு. ஆர்சனைட் அதிகக் கொடியது, நீக்குவதும் கடினம். தகுந்த பிசின்மணிகள் நிரப்பிய குழாயில் நீரை விட்டால் ஆர்சனேட் ஒட்டிக்கொள்ளும். ஆர்சனைட் கடந்து செல்லும். இப்படிப் பிரித்து அளந்தால், நீரை எப்படிச் சுத்திகரிப்பது என்பது தெரியும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? மருந்துத் தகரங்களில் ஒருபோதும் தண்ணீர் பிடிக்கக் கூடாது. பழைய மருந்துக் கொட்டகைக்கு அருகே கிணறு இருந்தால், சுகாதார அதிகாரியிடம் சொல்லிச் சோதிக்கக் கேட்க வேண்டும். மாதிரி எடுக்க ஆய்வுக்கூடம் தரும் சுத்தமான போத்தலையே பயன்படுத்த வேண்டும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல. சோதித்த நீரே நம் பிள்ளைகளுக்கு நல்ல நீர்.