கொரிய இளைஞர்களின் கோபம் யார் மீது?

(கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



2022 மார்ச்சில் நடைபெற்ற தென்கொரியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் யூன் சுக் யோல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வென்றார். வாக்குப்பதிவு நாளன்று எடுக்கப்பட்ட கணிப்பின்படி, இருபது வயதுகளில் உள்ள ஆண்களில் 58 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அவரை ஆதரித்தனர். அதே வயதுப் பெண்களில் ஏறத்தாழ அதே அளவினர் எதிர் வேட்பாளர் லீ ஜே மியுங் பக்கம் நின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு முகாம், தங்கை மறு முகாம்!

அந்த இளைஞர்களுக்கு யூன் முன்வைத்த முதன்மை முழக்கம் வேலையா, வீடா? இல்லை, பாலினச் சமத்துவத்துக்கும் குடும்ப நலத்துக்குமான அமைச்சகத்தை ஒழிப்பது! கட்டமைப்பு ரீதியான பாலினப் பாகுபாடு இப்போது இல்லை என்றும் அவர் கூறினார். வளர்ந்த முதலாளித்துவ நாடுகளிலேயே ஆண்–பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக, ஏறத்தாழ 30 விழுக்காடாக, இருக்கும் நாட்டில் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

எனினும், இவ்விளைஞர்களின் மனக்குறை முழுவதும் கற்பனை என்று ஒதுக்குவது தவறு. கொரிய ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். தரைப்படையில் இன்று அது 18 மாதங்கள். முன்பு இன்னும் நீண்டது. 2017இல் கட்டாய சேவையின் உச்சப் படிநிலையில் இருந்த வீரருக்குக் கிடைத்த மாத ஊதியம் 2,16,000 வொன். அவ்வாண்டின் குறைந்தபட்சக் கூலியில் இது ஆறில் ஒரு பங்குதான். இளைஞரின் உழைப்பை இவ்வளவு மலிவாக எடுத்துக்கொண்டது அரசு. ஆனால் பழி விழுந்தது பெண்கள் மீது. சேவை முடித்தோருக்கு அரசுப் பணித் தேர்வில் அளிக்கப்பட்ட கூடுதல் மதிப்பெண்களை 1999இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. அது "பெண்கள் பறித்த சலுகை" என்று இன்றும் பேசப்படுகிறது. வழக்குத் தொடுத்தவர்களில் ஆண் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருந்தார் என்பது மட்டும் வசதியாக மறக்கப்படுகிறது.

இக்கோபத்தின் வேர் இன்னும் ஆழமானது. 1997 நெருக்கடியின்போது சர்வதேச நாணய நிதியம் விதித்த நிபந்தனைகளையொட்டி, 1998இல் ஆட்குறைப்பு சட்டபூர்வமாக்கப்பட்டது. நிரந்தரமற்ற வேலை பெருகியது. இன்று கூலித் தொழிலாளரில் மூவரில் ஒருவருக்கு அதுவே கதி. தந்தைக்குக் கிடைத்த நிலையான வேலையும் வீடும் மகனுக்கு எட்டாக்கனியாயின. ஆனால் நிரந்தரமற்ற வேலையில் ஆண்களைவிடப் பெண்களின் விகிதமே அதிகம். பறிகொடுத்தவர்களைப் பார்த்துப் பறித்தவர்கள் என்று கை நீட்டச் சொல்லிக் கொடுத்தது வலதுசாரி அரசியல்.

ஆட்சிக்கு வந்த யூன் என்ன செய்தார்? 2022 இறுதியில் வேலைநிறுத்தம் செய்த சரக்கு லாரி ஓட்டுநர்களைப் பணிக்குத் திரும்புமாறு ஆணையிட்டார். 2023 மார்ச்சில் வாரத்திற்கு 69 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திட்டத்தை அவரது அரசு முன்வைத்தது. அதை எதிர்த்து எழுந்தவர்களில் இளம் தொழிலாளர்களே முன்னணியில் இருந்தனர். அவருக்கு வாக்களித்த தலைமுறைதான் அது. அரசு பின்வாங்க நேர்ந்தது.

2024 டிசம்பர் 3 இரவு அவர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அதன்பின் கடுங்குளிரில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டவர்களில், இசை நிகழ்ச்சிகளுக்கு எடுத்துச் செல்லும் ஒளிக்கோல்களை ஏந்திய இளம்பெண்கள் பெருந்தொகையாக இருந்தனர். 2025 ஏப்ரல் 4 அன்று யூன் பதவி நீக்கப்பட்டார்.

ஆயினும் ஜூன் மாதத் தேர்தலில், கணிப்பின்படி, இருபது வயதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இரு வலதுசாரி வேட்பாளர்களுக்கே வாக்களித்தனர். அவர்களில் ஒருவரான கிம் மூன் சூ, ஒரு காலத்தில் தொழிற்சங்கப் பணிக்காகச் சிறை சென்றவர்.