தொழில் பணியாகும் இடம்



தமக்குரிய பணி எது என்று தெரிந்த பின்னரே ஒன்றில் முழுமனத்தோடு இறங்கலாம் எனக் காத்திருக்கும் மாணவர்கள் நம்மிடையே பலர். பல்லாண்டுகள் பாடம் நடத்திய பின்னும், நாம் செய்வது பிழைப்பா, பணியா என்று ஐயுறும் ஆசிரியர்களும் உளர். இவ்விரு சாராருக்கும் உ.வே. சாமிநாதையரின் வாழ்வில் ஒரு விடை உண்டு.

1880இல் தியாகராச செட்டியார் வகித்த தமிழாசிரியர் பொறுப்பைக் கும்பகோணம் கல்லூரியில் ஐயர் ஏற்றபோது அவருக்கு அகவை ஏறத்தாழ 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் மறையும்வரை பாடங்கேட்டவர். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பல நூல்களில் தேர்ந்தவர். அக்கால வழக்கின்படி அவர் கல்வியில் குறை காண இடமில்லை. அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். ஐயர் படித்திருக்கவில்லை.

அதை அவ்வளவில் விட்டிருந்தாலும் எவரும் குறைகூறியிரார். ஊதியம் இருந்தது, மதிப்பும் இருந்தது. ஐயரோ முதலியார் தந்த படியைக் கற்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். அச்சமயக் கொள்கைகள் அவருக்குப் புதியவை. ஆகவே கும்பகோணத்திலிருந்த சமணர்களை நாடிச் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டார். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்தார்.

சுவடிகளும் எளிதில் வழிவிடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஒரு சொல்லைத் துணிவதற்குப் பல சுவடிகளை ஒப்புநோக்கி, யாப்பையும் இலக்கணத்தையும் இடத்தையும் ஆராய வேண்டும். உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றும் தேட வேண்டும். அத்தேட்டமே அவரை வேறு பழைய நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. இவையனைத்தும் கல்லூரி வகுப்புகளுக்கிடையே நடந்தவை.

தாம் பதிப்பாசிரியராகப் பிறந்தவர் என்று எண்ணி ஐயர் தொடங்கவில்லை. தெரியாத ஒரு நூலைத் தெரிந்துகொள்ள முனைந்தார். அதன் அருமையை உணர்ந்த பின், அதைச் செல்லரிக்க விட அவருக்கு மனம் வரவில்லை. அறிந்தது பொறுப்பாக மாறும் அவ்விடத்தில்தான் தொழில் பணியாகிறது என்று கொள்கிறோம்.

நம் எல்லார் கையிலும் சிந்தாமணி கிடைப்பதில்லை. திருத்த வேண்டிய பயிற்றேடுகளே குவிகின்றன. ஆயினும் ஒரு மாணவன் லகர ளகரங்களை எந்தச் சொற்களில் மயங்குகிறான், அது செவியின் பிழையா, எழுத்தின் பிழையா என்று ஆராயும் ஆசிரியருக்கு அப்பயிற்றேடும் ஒரு சுவடியே. மாணவர்களே, கணக்கியலோ மின்பணியோ செவிலியமோ, கையிலுள்ளதில் உங்களுக்கு விளங்காத ஒன்றைத் தேர்ந்து, தெரிந்தவரிடம் சென்று கேளுங்கள். பணி எது என்பது அவ்வழியில் தெளிவாகும்.