ஏரிக்கரைப் பள்ளியின் பிள்ளைகளுக்கு

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே,

பல்கலைக்கழகத்துக்கு உரிய இந்த அங்கியும் தொப்பியும் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. யூ.கே.ஜி. குழந்தைகளுக்கே இப்போது பட்டமளிப்பு விழா நடக்கிறது. எனக்கு அதில் சிரிப்பு உண்டு, ஆட்சேபணை கிடையாது. இத்தனை வருஷம் ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தவர்களை வழியனுப்ப ஒரு சாக்கு வேண்டும்தானே?

சற்று முன் ஆண்டறிக்கை வாசித்தார்கள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, கலைத் திருவிழாவில் மாவட்ட அளவில் இடம், வினாடி வினாவில் கோப்பை, அறிவியல் கண்காட்சியில் இரண்டாம் இடம். ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் போட்ட விசில் கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நானும் கைதட்டினேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியவே இல்லை. கண்காட்சியில் இரண்டாம் இடம் வாங்கிய அந்த மேசையில் என்ன இருந்தது? யார் ஜெயித்தார்கள் என்று அறிக்கை சொன்னது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை.

இது உங்கள் பள்ளியின் குறை இல்லை, நாட்டு வழக்கமே அப்படித்தான் ஆகிவிட்டது. மே மாதம் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை பிளக்ஸில் உங்கள் முகங்கள்தான், முகத்துக்குக் கீழே மதிப்பெண். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையட்டும் என்றார்கள். பட்டியல் நின்றது, பிளக்ஸ் நிற்கவில்லை.

படிப்பில் நடந்தது இப்போது மற்ற நடவடிக்கைகளிலும் நடக்கிறது. பாட்டு என்றால் பாட்டுப் போட்டி, ஓவியம் என்றால் ஓவியப் போட்டி. போட்டி இல்லாத ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் செய்ய நமக்குத் தெரியவில்லை. அதுவும் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குகிறார், அவர் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. (மேடையில் இருக்கும் கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். இயற்பியலும் வாங்கியிருக்கிறது.)

அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராக நான் போவதுண்டு. போகும் இடமெல்லாம் ஓர் எரிமலை இருக்கும். களிமண் மலை, உள்ளே ஆப்பச் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். ஊற்றினால் பொங்கும். பக்கத்து மேசையில் தெர்மாகோலில் சூரியக் குடும்பம். கடையிலேயே செய்து விற்கிறார்கள், சனிக்கு வளையம் மாட்டுவது மட்டும் நம் வேலை. "இதை எதுக்கும்மா தேர்ந்தெடுத்தே?" என்று கேட்டால், "மிஸ் சொன்னாங்க சார்" என்று பதில் வரும். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மேசையில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளை வாழும் தெருவிலிருந்து வந்த ஒரு கேள்வி மட்டும் இல்லை.

கேள்வி தெருவிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலையில் ஒரு பெண் இருக்கிறார், வினிஷா உமாசங்கர். பன்னிரண்டு வயதில் அவர் பார்த்தது நாம் எல்லோரும் தினமும் பார்ப்பதைத்தான்: தெருமுனை இஸ்திரி வண்டி. வேலை முடிந்ததும் இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து எரிந்த கரியைத் தரையில் கொட்டுகிறார். கரி எங்கிருந்து வருகிறது, புகை யார் நுரையீரலுக்குப் போகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு எரிகிறது என்று அந்தச் சிறுமி விசாரிக்க ஆரம்பித்தார். வண்டி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ என்று கணக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வரைபடம். வண்டியின் கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி. ஐந்து மணி நேர வெயிலில் ஏறும் மின்சாரம் ஆறு மணி நேரம் தேய்க்கக் காணும். இதெல்லாம்கூடப் பொறியியல் புத்தகத்தில் கிடைத்துவிடும். அந்த வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது வேறு: வண்டியிலேயே செல்போன் சார்ஜ் போடும் வசதியும் வைத்தார், இஸ்திரிக்காரருக்கு அதில் நாலு காசு கூடுதலாக வரட்டும் என்று. இஸ்திரிக்காரரிடம் பேசாமல் அந்த யோசனை வந்திருக்காது.

2019-ல் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது, 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பிரிவில் வென்றது பயிர்க் கழிவை எரிப்பதற்கு மாற்று கண்ட டாக்காச்சார் என்ற டெல்லி நிறுவனம். இருந்தும் அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில், பதினைந்து வயதில் எழுந்து பேசியவர் அவர்தான். நம் ஆண்டறிக்கையின் வழக்கப்படி எழுதினால், "இறுதிச் சுற்று வரை சென்றார்" என்று ஒரு வரியோடு அடுத்த பெயருக்குப் போயிருப்போம்.

இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே தொடக்கப் பள்ளியில் எட்டு முதல் பத்து வயதுக்குள் 25 பிள்ளைகள், பம்பிள்பீ என்னும் தடித்த தேனீக்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு ஒரு சோதனை செய்தார்கள். வண்ண வட்டங்கள் சிலவற்றில் சர்க்கரைத் தண்ணீர், சிலவற்றில் உப்புத் தண்ணீர். தேனீ நிறத்தை மட்டும் நினைவில் வைக்கிறதா, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதையும் சேர்த்து வைக்கிறதா? கேள்வி பிள்ளைகளுடையது, விதிகளும் அவர்கள் வகுத்தவை. பியூ லாட்டோ என்ற நரம்பியல் அறிஞர் கூட இருந்து உதவினார். 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியின் பயாலஜி லெட்டர்ஸ் இதழ் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டது. படங்கள் கலர் பென்சிலில் வரைந்தவை. கட்டுரையின் கடைசியில் மேற்கோள் நூல் பட்டியல் இல்லை. பட்டியல் போடாமல் நம் ஊரில் பி.எச்டி. நோட்டுக்கு அட்டைகூடப் போட விடமாட்டார்கள்.

அங்கே ஒரு பிள்ளைக்கும் தனியாகக் கோப்பை கிடையாது. இருபத்தைந்து பேரும் சேர்ந்துதான் கட்டுரையாசிரியர்கள்.

இப்போது தோல்விக்கு வருகிறேன், ஆண்டறிக்கையில் அதற்கும் இடம் இல்லை. 2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதில் ஆசாதிசாட் என்றொரு செயற்கைக்கோள். எட்டுக் கிலோ எடை, உள்ளே 75 சிறு கருவிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் அவற்றை உருவாக்கியவர்கள் நாடெங்கும் 750 பள்ளி மாணவிகள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் பெண்களும் அதில் உண்டு. மின்சுற்றுப் பலகை என்ற ஒன்றையே அப்போதுதான் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

ராக்கெட் நன்றாகத்தான் எழும்பியது. இரண்டாம் அடுக்கு பிரியும் நேரத்தில் ஓர் அதிர்வு. இம்மி நேரம்தான். வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் அந்த அதிர்வில் திணறின, உணரிகளே பழுது என்று கணினி முடிவு கட்டி மாற்று வழிக்குப் போய்விட்டது. 356 கிலோமீட்டரில் வட்டப் பாதையில் விட வேண்டியதை, ஒரு பக்கம் 356, மறு பக்கம் 76 என்று நீள்வட்டத்தில் விட்டது. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது. செயற்கைக்கோள் அதில் நிலைக்காது. மாதக்கணக்கில் செய்த வேலை அந்தக் காலையிலேயே முடிந்துபோனது.

தப்பு அந்தப் பெண்கள் செய்ததில் இல்லை, ஏற்றிச் சென்ற வண்டியில். வாழ்க்கையில் நமக்கு வரும் தோல்விகளில் பாதி இந்த வகை என்பதால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். நன்றாக எழுதிய தேர்வுக்குக் கட்-ஆஃப் ஏறிவிடும். ஒத்திகை பார்த்த நாடகத்தன்று மைக் செட் மக்கர் பண்ணும். இஸ்ரோ காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது, அதை வெளியே சொன்னது, திருத்தியது. ஸ்பேஸ் கிட்ஸ் மறுபடியும் ஒரு செயற்கைக்கோள் செய்தது. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி அதே ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில் ஆசாதிசாட்-2 சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியான பாதையில் போய் நின்றது. ஆறு மாதம்.

இதைவிடச் சத்தமில்லாத வேலையும் இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே. 1988-ல் சென்னையில் சில மாணவர்கள் சேர்ந்து கடலாமைகளுக்காக ஒரு குழு தொடங்கினார்கள். பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில் ராத்திரி ராத்திரி கடற்கரையில் நடப்பது, நாயும் மனிதரும் எடுப்பதற்கு முன் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைப்பது, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவது. நீலாங்கரைப் பக்கத்து மணலில் அந்த நடை இன்னும் தொடர்கிறது. தொடங்கியவர்களுக்கு இப்போது நரை விழுந்திருக்கும். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர். 2025 ஜனவரியில் நம் கடற்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது அது வழக்கத்துக்கு மீறியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது எப்படி? வருஷா வருஷம் யாரோ நடந்து எண்ணி எழுதிவைத்திருந்ததால்தான். எண்ணியதற்குப் பரிசு கொடுத்த போட்டி எதுவும் எனக்குத் தெரிந்து நடக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தப் பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் சுமார் 100 ஏக்கரில் செம்பாக்கம் ஏரி இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் இதற்கு வரும், இது நிரம்பினால் கீழே ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைக்குப் போகும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்தான். சங்கிலியின் மேல் கண்ணிகளில் ஒன்று நாம். வயலுக்குப் பாய்ந்த ஏரி, வயல் வீடானதும் சாக்கடைக்குப் போக்கிடமானது, ஆகாயத்தாமரை மூடியது. பிறகு நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து சீரமைப்பில் இறங்கின. தூர்வாருவது பெரியவர்கள் வேலை, இயந்திரம் வேண்டும், பணம் வேண்டும். தூர்வாரிய பிறகு ஏரி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பணம் வேண்டாம். சைக்கிளும் நோட்டும் போதும்.

எந்தக் கால்வாய் வழியாக என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது? ஐப்பசி மழைக்கு எத்தனை நாளில் மட்டம் ஏறுகிறது, பங்குனியில் எவ்வளவு இறங்குகிறது? நாமக்கோழி எப்போது வருகிறது, முக்குளிப்பான் குஞ்சு பொரித்ததா? 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் 15 நிமிஷம் நின்று பார்த்ததை எண்ணி ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும், பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். உங்கள் தம்பி தங்கைகள் குழுவாகச் சேர்ந்தால் அதையே தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் கொண்டுபோகலாம். 1993 முதல் நடக்கும் அந்த மாநாட்டை இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது. உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து, கள ஆய்வு செய்து, நாட்குறிப்போடு வந்தால்தான் அங்கே மதிப்பு. எரிமலைக்கு அங்கே வேலை இல்லை.

2021-ல் செம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. கழிவுநீர் கலக்கிறது என்று மனு கொடுக்கப் போனால், "எங்கே, எப்போது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆறு மாதம் எழுதிய நோட்டு கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும். இல்லாவிட்டால் உங்களிடம் கோபம் மட்டும்தான் இருக்கும்.

உங்களுக்குத் தேர்வு முடிவு வந்து, கவுன்சிலிங் முடிந்து, கல்லூரி திறக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. செல்போனுக்கு மிஞ்சிய நேரத்தில் ஒரு காலையாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் முதல் பக்கத்தை எழுதிக் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தலைமையாசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டறிக்கையில் பரிசு வாங்காத வேலைகளுக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். எதைத் தொடங்கினார்கள், எது நடுவில் நின்றது, ஏன் நின்றது, யார் மறுபடி எடுத்தார்கள் என்று பெயரோடு வாசியுங்கள். அன்றைக்குக் கைதட்ட நான் சொந்தச் செலவில் வருகிறேன், பொன்னாடை வேண்டாம், நினைவுப் பரிசும் வேண்டாம். போன வருஷத்து நினைவுப் பரிசுகளுக்கே வீட்டில் அலமாரி போதவில்லை.

பெயர் கூப்பிட ஆசிரியை எழுந்துவிட்டார்கள். வரிசையாக வாருங்கள், படிக்கட்டில் அங்கி தடுக்கும், பார்த்து ஏறுங்கள். எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.