பேசும் கல் கிடைச்சா போரை ஜெயிச்சிடலாமா?

ஒரு பேண்டசி உலகத்துல நீங்கதான் தளபதின்னு வச்சுக்கோங்க. ஒரு ட்ராகன் வேணுமா, இல்ல எவ்வளவு தூரத்துல இருந்தாலும் உடனே பேசிக்கிற ஒரு ஜோடி மந்திரக் கல் வேணுமா? நான் யோசிக்காம கல்லைத்தான் எடுப்பேன். எங்க அனுப்பணும்னு தெரியலைன்னா ட்ராகனை வச்சு என்ன பண்றது? ஆனா அந்தக் கல்லால எதைச் சாதிக்க முடியும், எதை முடியாது? அதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல, மந்திரமே இல்லாத ஒரு சிக்னலைப் பார்ப்போம். திருவண்ணாமலையில பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கு. அடி அண்ணாமலை அதுக்கு மறுபக்கம், கிரிவலப் பாதையில. நடுவுல 2,668 அடி உயரத்துல மலை. கார்த்திகை தீபத்தன்னிக்குச் சாயங்காலம் 6 மணிக்கு கோயிலுக்குள்ள அர்த்தநாரீஸ்வரர் காட்சி தர்றதை அடி அண்ணாமலையில நிக்கிறவங்க பார்க்க முடியாது. ஆனா உச்சியில தீபம் ஏறின அந்த நொடியே அவங்களுக்கும் தெரிஞ்சிடும். மலையே சேதியை இந்தப் பக்கத்துல வாங்கி அந்தப் பக்கம் கொடுக்குது.

இது வழிபாடுதான், ராணுவ ஏற்பாடு கிடையாது. ஆனா சிக்னலா பார்த்தா இதோட பலமும் பலவீனமும் பளிச்னு தெரியும். ஒரே நேரத்துல எல்லாருக்கும் போய்ச் சேருது. ஆனா சொல்றது ஒரே ஒரு சேதிதான். அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல கோண்டோர் நாடு மலைக்கு மலை தீ மூட்டுறதும் இதே கதைதான். தீ 'ஆபத்து'ன்னு சொல்லும். எத்தனை பேர் வரணும், எப்போ வரணும்னு சொல்லாது. அதனாலதான் நாவல்ல சிவப்பு அம்போட ஒரு தூதன் குதிரையில ரோஹனுக்குப் போறான்.

சரி, தீக்குப் பதிலா பேசும் கல் இருந்தா? இதை ஒரு நிஜப் போர்ல வச்சுப் பார்ப்போம். 1767 செப்டம்பர்ல ஹைதர் அலி இதே திருவண்ணாமலையில கம்பெனிப் படையோட மோதித் தோத்தார். 13 வருஷம் கழிச்சு, 1780-ல, காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கதை தலைகீழாச்சு.

குண்டூர்ல இருந்து கர்னல் பெய்லி படையோட வர்றார். காஞ்சிபுரத்துல ஹெக்டர் மன்ரோ பெரிய படையோட காத்திருக்கார். ரெண்டு பேரும் சேர்ந்துட்டா ஹைதருக்குச் சிக்கல். கொசஸ்தலை ஆத்து வெள்ளத்துல பெய்லிக்கு நாள் வீணாகுது. செப்டம்பர் 6-ஆம் தேதி திப்பு வழிமறிக்கிறார். அதுக்கப்புறம் பெய்லி, "என்னால வர முடியல, நீங்க வாங்க"ன்னு மன்ரோவுக்குக் கடிதம் அனுப்புறார்.

இப்போ ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கொரு கல் கொடுங்க. 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்'ல வர்ற 'சென்டிங்' மந்திரம் மாதிரி, 25 வார்த்தைதான் அனுமதி. பெய்லி தப்பிச்சிருப்பாரா?

கவனிங்க, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துச்சு! ஆனா மன்ரோ தானா கிளம்பல. சுமார் ஆயிரம் பேரை மட்டும் ஃபிளெட்சர் தலைமையில அனுப்பினார். கல்லு இருந்திருந்தா அதே சேதி சீக்கிரம் வந்திருக்கும், அவ்வளவுதான். கேக்குறவர் எடுக்கிற முடிவைக் கல்லால மாத்த முடியாது.

ஆனா 9-ஆம் தேதி ராத்திரி வேற. காஞ்சிக்குச் சில மைல் தூரத்துல பெய்லி படையை நிறுத்திட்டார். மன்ரோவுக்கு அது தெரியாது. "இங்க நிக்கிறேன், விடியறதுக்குள்ள வாங்க." இந்த நாலஞ்சு வார்த்தை போயிருந்தா ஆயிரக்கணக்கான உயிருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். மறுநாள் காலையில மன்ரோவுக்கு வந்த சிக்னல் பீரங்கிச் சத்தம்தான். அவர் கிளம்பினப்போ நேரம் போயிடுச்சு. பெய்லி கைதாகி, 1782-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல சிறையிலயே இறந்தார்.

இப்போ கடைசிச் சிக்கல்: மூணாவது கல் ஹைதர்கிட்ட இருந்தா? நிஜத்துல அவரோட ஒற்றர்கள்தான் அந்த மூணாவது கல். டோல்கீன் கதையில பாலன்டீர் கல்லை வச்சு டினதோர் பார்த்ததெல்லாம் உண்மை. கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் நிஜமாவே வந்துச்சு. ஆனா அதுல வந்தது உதவிக்கு வந்த அரகோர்ன். இன்னொரு கல் எதிரி சௌரோன் கையில இருந்ததால, எதைக் காட்டணும்னு அவனால தீர்மானிக்க முடிஞ்சது. டினதோர் நம்பிக்கை இழந்து தன்னையே எரிச்சுக்கிட்டார்.

அதனால அடுத்த தடவை ஒரு நாவல்லயோ கேம்லயோ பேசும் கல் வந்தா, மூணு கேள்வி கேளுங்க. அதால எவ்வளவு சொல்ல முடியும்? வேற யார் கேக்குறாங்க? கேட்டவர் கிளம்புவாரா? எழுத்தாளர்கள் முதல் ரெண்டுக்கும் நல்லாவே விதி எழுதிடுறாங்க. மூணாவதுக்கு எந்த மந்திரமும் கிடையாது. அங்கதான் கதையே இருக்கு.

உங்க கையில அந்த 25 வார்த்தை இருந்தா பெய்லிக்காக மன்ரோகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.