மருந்து வேலை செய்யும்போது வர்ற காய்ச்சல்

இன்னைக்குச் சின்ன எபிசோடுதான், ஆனா தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய விஷயம்.

ஒருத்தருக்கு சிபிலிஸ் இருக்குன்னு ரத்தப் பரிசோதனையில தெரியுது. காலையில பென்சிலின் ஊசி போட்டுக்கிறார். சாயங்காலம் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. உடம்புல இருந்த தடிப்பு இன்னும் சிவக்குது. அவர் என்ன நினைப்பார்? "மருந்து ஒத்துக்கல, இனிமே அந்தப் பக்கமே போகக்கூடாது." டெப்ளாய் பண்ணதும் அலர்ட் வந்தா நாங்க உடனே ரோல்பேக் பண்ணுவோம் இல்லையா, அதே மாதிரி. ஆனா இங்க ரோல்பேக் பண்றதுதான் தப்பு.

இதுக்குப் பேர் யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை. பென்சிலின் வர்றதுக்கு முன்னாடியே, பாதரசம் கொடுத்த காலத்துலயே, 1895-ல ஆஸ்திரியாவின் அடால்ஃப் யாரிஷ் இதைக் கவனிச்சார். 1902-ல ஜெர்மனியின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமரும் எழுதினார். அவர் யூதர். 1942-ல நாஜிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினாங்க, அங்கேயே இறந்துபோனார்.

சரி, உள்ள என்ன நடக்குது? சிபிலிஸ் கிருமி சுருள் வடிவ பாக்டீரியா. மருந்து பட்டதும் கூட்டமா சாகுது. உடைஞ்ச கிருமியிலிருந்து கொழுப்புப் புரதங்கள் வெளியே வருது. அதைப் பார்த்து நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன்களைக் கொட்டுது. காய்ச்சல் அதனாலதான். எலிக்காய்ச்சல், லைம் நோய் சிகிச்சையிலும் இது வரலாம். அதுவும் சுருள் கிருமிதான்.

பெரும்பாலும் முதல் ஊசிக்கு அப்புறம் சில மணி நேரத்துல ஆரம்பிச்சு, ஒரு நாளுக்குள்ள அடங்கிடும். ஓய்வு, தண்ணீர், டாக்டர் சொன்னா பாராசிட்டமால், அவ்வளவுதான்.

இது பென்சிலின் அலர்ஜி இல்லை. அரிப்போட தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தா அது அலர்ஜியா இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்கு ஓடணும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சலோட பிரசவ வலியோ, குழந்தை அசைவு குறையறதோ இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை இல்லைன்னா குழந்தைக்குத்தான் ஆபத்து.

அதனால ஊசி போடும்போதே "ராத்திரி காய்ச்சல் வருமா?"ன்னு கேட்டுடுங்க. தெரியாம பயந்து, "எனக்கு பென்சிலின் ஆகாது"ன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சா, நல்ல மருந்து ஒண்ணு கைவிட்டுப் போயிடும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.