மறதியை வென்ற பொறி



பத்தாண்டு நினைவுகளைத் தொகுக்கும் இவ்விழாவில், கணிப்பொறிக்கு நினைவாற்றல் தந்த பொறியாளர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் வில்லியம்ஸ். 1911-இல் பிறந்து 1977-இல் மறைந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராடார் ஆய்வில் ஈடுபட்டவர்.

போர் முடிந்த காலத்தில் பொறிகளுக்கு வேகம் வாய்த்திருந்தது, நினைவு வாய்க்கவில்லை. 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் விரைந்து கணக்கிட்டது. ஆயினும் புதிய கணக்கொன்றைத் தர, அதன் கம்பி இணைப்புகளைக் கையால் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கட்டளைகளைத் தன்னுள்ளே தாங்கும் பொறிக்கு நினைவகம் ஒன்று தேவைப்பட்டது.

ராடாரில் பயன்பட்ட திரைக்குழாயையே வில்லியம்ஸ் கையிலெடுத்தார். எலெக்ட்ரான் கற்றை படும் இடத்தில் திரையின்மேல் மின்னூட்டப் புள்ளி உண்டாகும். ஒருவகைப் புள்ளி சுழியத்தையும் மற்றொரு வகை ஒன்றையும் குறிக்கும். ஆனால் ஒரு விநாடி நிறைவதற்குள் அம்மின்னூட்டம் கசிந்து மறைந்துவிடும். திரையின் மறதியை அவரால் மாற்ற இயலாது. எனவே, புள்ளி மங்குமுன் அதைப் படித்து, படித்ததை அவ்விடத்திலேயே மீண்டும் எழுதச் செய்தார். இயங்கும் நேரமெல்லாம் பொறி தன்னைத் தானே ஓதிக்கொண்டிருந்தது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன், ஜெப் டூட்டில் ஆகியோர் துணைநிற்க, 1948 ஜூன் 21 அன்று அந்நினைவகம் கொண்ட சிறு கணிப்பொறி இயங்கியது. கட்டளைகளை மின்னணு நினைவில் தாங்கி இயங்கிய முதற்பொறி அதுவே. வரிக்கு 32 புள்ளிகளாக 32 வரிகள். அவ்வளவே அதன் நினைவு. 17 கட்டளைகளைக் கொண்டு 52 நிமிடங்கள் உழைத்து விடை தந்தது.

அக்குழாய்கள் வழக்கொழிந்துவிட்டன, அந்நெறி ஒழியவில்லை. 1966-இல் ராபர்ட் டென்னார்ட் கண்டறிந்த நினைவகமும் கசியும் மின்னூட்டத்தாலானதே. இன்றைய கணிப்பொறிகளில் அது விநாடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுகிறது.

கவிஞர்களே, அச்சேறியதும் கவிதை காப்பாற்றப்பட்டுவிட்டது என நாம் அமைதி கொள்கிறோம். திறக்கப்படாத நூலும் மங்கும் புள்ளிதான். ஆகவே ஒரு வேண்டுகோள்: நம் ஒவ்வொரு கூட்டமும், மறைந்த கவிஞர் ஒருவரின் கவிதையை உரக்க வாசித்த பின்னரே தொடங்கட்டும். நம் கவிதைகளுக்கும் அந்த முறை வரும். அன்று வாசிக்க இங்கே குரல்கள் இருக்க வேண்டும்.